பட்டைக்கு அடியில் பட்டை

காய்ந்த விபூதியைக் காய்ந்தபடியே தேய்க்கக் கூடாது, முதலில் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தள்ளிவிட வேண்டும், அழுத்தக் கூடாது, வாயால் ஊதக் கூடாது, ஊதினால் எச்சில் தெறித்துப் புள்ளி விழும், எல்லாவற்றுக்கும் முன்னால் சுவிட்சை அணைத்து வயரைப் பிடுங்கி, திரையில் சூடு ஆறிவிட்டதா என்று புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். நித்திலா மிஸ் சொன்னது. மிஸ்ஸுக்கு வருஷம் முழுக்கச் சளி, அதனால் எல்லாமே மூக்கிலிருந்து வரும், 'அழுத்தாதம்மா முப்பிடாதி, இது மொகம் பாக்குற கண்ணாடி இல்ல, தோலு மாதிரி', மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அதையே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், காலி கம்ப்யூட்டர் ரூமில் மிஸ்ஸே வந்து நின்றது போல இருக்கிறது, சிரிப்பு வருகிறது, வந்த சிரிப்பு பாதியில் நிற்கிறது. யாராவது கேட்டிருப்பார்களோ. கதவு ஒருக்களித்துக் கிடக்கிறது. கேட்பதற்காகவே ஒருக்களித்து வைத்திருக்கிறார்களோ. இன்றைக்கு நான் வாயைத் திறந்தால் அதுவே சாட்சி. ஆயுத பூஜை லீவுக்கு முந்தின நாள் இந்த ரூமில் பூஜை நடந்தது, விபூதியும் சந்தனமும் குழைத்து ஒவ்வொரு திரைக்கும் மூணு பட்டை, நடுவில் குங்குமம், லீவு முடிந்து வந்து பார்த்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சாமியார் மடம் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, அவர்களுக்கெல்லாம் முகம் கழுவிவிடும் வேலை எனக்கு. தண்டனை என்று சொல்லவில்லை. 'சும்மா உக்காந்திருக்காம இதைச் செய்யி, மணி அடிச்சதும் தாளாளர் வந்துருவார்' என்றார்கள். தாளாளர் வந்ததும் அவர் முன்னால் நான் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் பெரிய டீச்சர் குரலில் பேசிக் காட்ட வேண்டும். நேற்று மைக்கில் வந்த அதே வார்த்தைகள். குரல் ஒத்துப்போனால் நான்தான் திருடி, கையில் டி.சி. ஒத்துப்போகாவிட்டால் தப்பித்தேன். பி.டி. மாஸ்டர் தவசிக்கண்ணு சாரின் மூளையில் உதித்த பரீட்சை இது. பதினொன்றாம் வகுப்பின் நடுவில் டி.சி. வாங்கினால் வேறெந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும்? அப்பா மினி பஸ் ஓட்டுகிறார், போன தடவை கூப்பிட்டு அனுப்பியபோதே படியிறங்கிக்கொண்டே சொல்லிவிட்டார், இன்னொரு வாட்டி உன்னால நான் இந்தப் படி ஏறுனா படிப்பு அம்புட்டுதான், தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிக்கோ என்று. அப்பா குரல் எனக்கு அப்படியே வரும். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் இதுவரை செய்து பார்த்ததில்லை.

ஆகவே இன்றைக்கு நான் மோசமாகச் செய்ய வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவை. பெரிய டீச்சர் மாதிரி செய்யத் தெரியாத யாரோ செய்வது மாதிரி செய்ய வேண்டும், அதுவும் ஒரு மிமிக்ரிதானே, என்னால் முடியாதா என்ன. பிரஷ்ஷை மேலிருந்து கீழே இழுக்கிறேன், விபூதி மாவாக உதிர்ந்து மேஜையில் விரித்த பேப்பரில் விழுகிறது. பிரஷ் போன தடத்தில் திரை கறுப்பாகத் திறக்கிறது, கறுப்புக்குள் ஒரு கண், என் கண்தான், திருட்டு முழி. உண்மையில் நான் செய்யவில்லை. இதைச் சொன்னால் எனக்கே நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. நேற்று, லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த நாள், மத்தியானச் சாப்பாடு, தட்டுகளின் சத்தம், அதற்கு மேலே ஒலிபெருக்கியில் பெரிய டீச்சர் குரல்: மாணவச் செல்வங்களே, ஆயுத பூஜையை முன்னிட்டு நாளையும் நாளை மறுநாளும் விடுமுறை, அனைவரும் இப்போதே வரிசையாக வீட்டுக்குச் செல்லலாம், புத்தகங்களைப் பூஜையில் வைக்கவும். ஆயுத பூஜை முடிந்து சுண்டல் தின்று தீர்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு மறுபடியும் ஆயுத பூஜை! ஒரு கணம் பள்ளிக்கூடமே வாய் பிளந்து நின்றது, அப்புறம் ஓவென்று கூச்சல், பை எடுத்தவன் எடுக்காதவன் எல்லோரும் கேட்டுக்கு வெளியே. சாயங்காலம் பெற்றவர்கள் வந்து கத்தினார்கள். ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருவன் வேனுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, தானாகவே நடந்து, பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழக் கடைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றதைப் பட்டாணிக் கடைக்காரர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். பெரிய டீச்சர் தன் நாற்காலியில் உட்கார்ந்து 'நான் பேசவே இல்லையே, நான் பேசவே இல்லையே' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அதைச் சொல்லி முடிக்குமுன் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிவிட்டது. நானாக இருந்தாலும் அப்படித்தான் திருப்பியிருப்பேன். முடிந்த பண்டிகைக்கு லீவு விடுவது சரியான குறும்பு, என் மூளைக்கு ஏன் தோன்றவில்லை என்று இப்போதுகூடப் பொறாமையாக இருக்கிறது. அந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்றால் அதையும் சொல்ல முடியாது. விளையாட்டுச் சாமான் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்து தவசிக்கண்ணு சாரின் விசிலுக்குள் உருளும் குட்டி உருண்டையைக் காம்பஸ் முள்ளால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை ப்ரேயரில் அவர் கன்னத்தை உப்பி ஊதினார், 'புஸ்ஸ்' என்று காற்று மட்டும் வந்தது, தாங்க முடியாத ஆனந்தம். அதைப் போய்ச் சாட்சியாகச் சொன்னால் ஒரு டி.சி.க்கு இரண்டு டி.சி.யாகக் கொடுப்பார்.

அப்படியென்றால் யார்? என்னைவிட நன்றாகச் செய்யத் தெரிந்த ஒருத்தன், ஒருத்தி, இந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், என்னோடு சேர்ந்து சோறு தின்றுகொண்டு, என் மிமிக்ரிக்குக் கை தட்டிக்கொண்டு. இந்த நினைப்பு டி.சி.யைவிட வலிக்கிறது. நேற்று வந்த குரல் மிமிக்ரி மாதிரியே இல்லை. நான் பெரிய டீச்சரைச் செய்தால் 'செல்வங்களே'யைக் கொஞ்சம் கூடுதலாக இழுப்பேன், இழுத்தால்தான் சிரிப்பார்கள். நேற்றைய குரல் யாரையும் சிரிக்கவைக்க நினைக்கவில்லை. ஈரத்துணியைப் பிழிகிறேன், சொட்டு விழாத அளவுக்கு, தண்ணீரைத் திரையில் நேரே தெளித்தால் வழிந்து அடி ஓரத்தில் இறங்கி உள்ளே போய்விடும், அப்புறம் படம் வராது, கோடு கோடாகத்தான் வரும். இந்த மூணாவது கம்ப்யூட்டரின் பட்டை கட்டைவிரல் தடிமன், சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி, இது தவசிக்கண்ணு சார் போட்டது. பூஜைக்கு முன்னால் திரையை எல்லாம் நனைத்த நியூஸ்பேப்பரால் தேய்க்கச் சொன்னவரும் அவர்தான், 'எல்லாம் கண்ணாடிதானவே, எங்க வீட்டு பீரோவ நான் அப்படித்தான் தொடைக்கேன்', ஓரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் அவர் தேய்த்த இடம் இன்றும் பெட்ரோல் சிந்திய ரோடு மாதிரி கலர் கலராக நிற்கிறது. அவர் என்னை மாட்டிவிட யாரையாவது ஏவியிருப்பாரோ. ஆனால் அவருக்குக் குரல் என்றாலே விசில்தான். அடுத்த திரையில் குங்குமத்தை வைத்து இரண்டு கண்ணும் ஒரு வாயும் வரைந்திருக்கிறது, சிரிக்கிற மூஞ்சி, இது கனகவல்லி. கனகு. என் பக்கத்து பெஞ்சு. குரலை எங்கே மடக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். இன்று காலை அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை, 'எங்க அம்மா உன்கூடச் சேரக்கூடாதுன்னுட்டாட்டி' என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அவள் ஏன் தரையைப் பார்த்தாள்? ஆனால் கனகுக்கு அடக்கமாட்டாத சிரிப்பு வியாதி, இரண்டாம் வார்த்தையிலேயே கொப்பளித்துவிடும். எனக்கே தெரியாமல் அதைச் சரிசெய்துகொண்டாளோ. திரைக்கு மேலே இருக்கும் குட்டிக் கேமராவின் கண்ணில் யாரோ சரியாகக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். மற்ற கேமராக்கள் கறுப்பாக, மொட்டையாக, என்னையே பார்க்கின்றன. வயரைப் பிடுங்கியாயிற்று, அதனால் பார்க்க முடியாது என்று தெரியும், தெரிந்தும் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து எதிரே இருப்பதன் கண்ணில் ஒட்டிவிடுகிறேன்.

கதவு நகர்கிறது. நான் திரும்பவில்லை, துடைத்த திரையிலேயே தெரிகிறது, கஞ்சி போட்ட சேலை, மூக்கில் பாதி இறங்கிய கண்ணாடி, உலகநாயகி டீச்சர், எங்கள் எல்லோருக்கும் பெரிய டீச்சர். வந்தவர் வாசலிலேயே நின்று என் முதுகைப் பார்க்கிறார். 'ஏட்டி, யாரு அது? வகுப்புக்குப் போகாம இங்கன என்ன செய்யுத?' எனக்குக் கை நின்றுவிட்டது. காலையில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, 'ஒனக்கு என் தொண்டைதான் கெடச்சுதாட்டி?' என்று கேட்டு, கம்ப்யூட்டர் ரூமுக்குப் போ என்று கையை நீட்டியவரே இவர்தானே. பொறி. கண்டிப்பாகப் பொறி. நான் என்ன பதில் சொல்கிறேன் என்று பார்க்கிறார், பயப்படுகிறேனா, உளறுகிறேனா. 'நீங்கதான் டீச்சர் தொடைக்கச் சொன்னீங்க', குரலைத் தட்டையாக வைத்துக்கொண்டு சொல்கிறேன், எந்தக் குரலின் சாயலும் விழுந்துவிடாமல், இஸ்திரி போட்ட மாதிரி. 'நானா?' திரைக்குள் அவர் முகம் ஒரு கணம் வெறுமையாக நிற்கிறது. அப்புறம் வேகமாக, 'ஆமா, நாந்தான், நாந்தான். செய்யி செய்யி. பைய செய்யி' என்று சொல்லிவிட்டு, வந்த காரியம் ஏதோ இருந்தது போல ரூமைச் சுற்றி ஒருமுறை பார்த்து, அது கிடைக்காதது போலப் போய்விடுகிறார். நடிப்பு என்றால் அற்புதமான நடிப்பு. குரலைச் செய்யலாம், அந்த வெறுமையை எப்படிச் செய்வது? கண்ணாடியின் முன்னால் நின்று பயிற்சி எடுத்தாலும் எனக்கு வராது. அவர் அப்படி என்னை மாட்டவைக்கிறவரும் இல்லை, அடிக்க வேண்டுமென்றால் நேரே அடிப்பார், சிரிக்க வேண்டுமென்றாலும் நேரே சிரிப்பார், வரும் மார்ச்சோடு ரிட்டயர்டு, விழாவுக்கு என்ன பாட்டு போடலாம் என்று இப்போதே சண்டை நடக்கிறது. இருந்தாலும் யாரையும் நம்பக் கூடாது. மணி அடிப்பதற்குள் யார் என்று நானே கண்டுபிடித்துவிட்டால் மோசமாகச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை, விரலை நீட்டினால் போதும்.

நித்திலா மிஸ்! ஏன் முதலிலேயே தோன்றவில்லை. மிஸ்ஸிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது, லீவுக்கு முந்தின நாள் பெரிய டீச்சர் நிஜமாக லீவு விட்டுப் பேசியதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு நேற்று அப்படியே ஓடவிட்டிருக்கலாம், வார்த்தைக்கு வார்த்தை அதேதானே. எல்லோரும் பட்டையைத் திரையில் போட்டபோது மிஸ் மட்டும் தன் கம்ப்யூட்டருக்கு அடியிலுள்ள காலில் போட்டார், கள்ளி, திரையைத் தொடவே இல்லை. சந்தோஷத்தில் துணியைக் கொஞ்சம் அழுத்திவிடுகிறேன், பயந்துபோய்க் கையை எடுக்கிறேன். ஆனால் அன்றைக்குக் காலை நேரம், பின்னால் ஒன்றாம் வகுப்பு வாய்ப்பாடு கேட்டது, நேற்று வந்த குரலுக்குப் பின்னால் ஒலிபெருக்கிக்குள்ளேயே தட்டுகள் மோதும் சத்தம். என் காதை ஏமாற்ற முடியாது. யாரோ மைக்கின் முன்னால் நின்று நேற்று, அங்கேயே, வாயால் பேசியிருக்கிறார்கள். போயிற்று, மிஸ்ஸும் போயிற்று. கம்ப்யூட்டர்கள் முடிந்துவிட்டன, இனி சுவரில் மாட்டியிருக்கும் பெரிய டி.வி. மட்டும். பாடம் போட்டுக் காட்டுகிற டி.வி., இதற்கு முதல் பட்டை பெரிய டீச்சர்தான் போடுவார், வேறு யாரும் தொடமாட்டார்கள். நித்திலா மிஸ் பிரஷ்ஷைக் கொடுத்தபோது சொன்னார், டி.வி.யக் கடைசியா எடு, அதை மட்டும் அடுக்கு அடுக்கா எடுக்கணும், ஒரேயடியா வழிச்சிராத, என்ன. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் துணியை மடித்து மடித்துக் கொடுத்தார். சளியால்தான் குரல் அப்படி இருந்தது என்று நினைத்தேன். ஸ்டூலில் ஏறுகிறேன். பிரஷ்ஷுக்கு எதுவும் உதிரவில்லை. இது மாவாகக் காயவில்லை, சந்தனம் இன்னும் விரலில் லேசாக ஒட்டுகிறது, வாசனைகூடப் போகவில்லை. ஈரத்துணியை அதன் மேல் சும்மா வைத்து, ஊறவிட்டு, இழுக்காமல் அப்படியே தூக்கியெடுக்க வேண்டும், வைக்கிறேன், தூக்குகிறேன், பட்டை மூணு கோடும் துணியோடு வந்துவிடுகிறது. அதற்கு அடியில் இன்னொரு பட்டை.

கண்ணைக் கசக்கிக்கொள்கிறேன். கீழே இருப்பது ஓடு மாதிரி இறுகி, வெளிறி, வெடித்து, மற்ற கம்ப்யூட்டர்களில் இருந்ததைப் போலவே லீவெல்லாம் காய்ந்தது. மேலே இருந்தது புதிது. மேலே இருந்ததற்கும் மூணு விரல், கீழே இருப்பதற்கும் மூணு விரல், மூன்றாவது கோட்டின் நடுவில் ஒரு சின்ன வெட்டு, மோதிரம் இழுத்த தடம், இரண்டிலும். பெரிய டீச்சர் விரல். நடுவில் நின்றுபோன பொட்டையும் ஊறவைத்துத் தூக்குகிறேன், குங்குமத்துக்குக் கீழே குங்குமம், கொஞ்சம் விலகி, ஒரே முகத்துக்கு இரண்டு நெற்றி வைத்த மாதிரி. பூஜை ஒருதரம்தானே நடந்தது. சுண்டல் ஒருதரம்தானே தின்றோம். லீவெல்லாம் இந்த ரூம் பூட்டிக் கிடந்தது, அப்படியென்றால் நேற்று, நேற்றுத்தான், யாரும் இல்லாத நேரத்தில் வந்து, சந்தனம் குழைத்து, காய்ந்த பட்டை கண்ணெதிரே இருக்கும்போதே அதன் மேலேயே. எதற்கு? வேண்டுதலா? மாந்திரீகமா? என்னை மாட்டிவிடுவதற்கும் இதற்கும் என்ன? நினைப்பு முட்டுகிறது, திரும்புகிறது, மறுபடி அதே இடத்தில் வந்து முட்டுகிறது. பூஜைக்குப் பட்டை போட்டால் அடுத்து என்ன செய்வார்? மைக் ரூமுக்குப் போவார். ஒவ்வொரு வருஷமும் அதுதானே வழக்கம், டி.வி.க்குப் பட்டை, சூடம், அப்புறம் நேரே மைக். இல்லை இல்லை. அவர்தான் 'பேசவே இல்லையே' என்று அழமாட்டாத குறையாகச் சொன்னாரே, அது பொய் மாதிரி இல்லையே. பொய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? 'தொடைச்சிட்டியா?' ஸ்டூலில் இருந்து விழப்பார்த்தேன். கதவுச் சத்தமே கேட்கவில்லை. திரையில், என் தோளுக்குப் பக்கத்தில், பெரிய டீச்சர் முகம், சந்தோஷமாக. 'நல்லது. ஓரத்தையும் நல்லாத் தொடைச்சு வையி. நாளைக்குப் பூசைல்லா, நான் வந்துதான பட்டை போடணும்.' பிறகு ரகசியம் சொல்வது போலக் குனிந்து, 'லீவு விடப் போறேன். யார்கிட்டயும் சொல்லிராத' என்கிறார், அவர் முகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையின் சிரிப்பு. நானும் சிரிக்கிறேன், என் சிரிப்பும் திரையில் தெரிகிறது, பல்லெல்லாம் தெரிகிறது. 'சரி டீச்சர்.' 'நீ யாரு புள்ள, நல்லா வேலை செய்யுத' என்று முதுகில் தட்டிவிட்டுப் போகிறார்.

ஆக, அவரைவிட நன்றாகச் செய்யும் யாரும் இல்லை. பொறாமை போன இடத்தில் என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது என்று தெரியவில்லை. அடிப் பட்டையைத் துணி வைத்து ஊறவைக்கிறேன். நான் பிழைத்துவிட்டேன், அதை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டும். தாளாளர் வந்ததும் இந்தப் பட்டையைக் காட்டலாம். பாருங்க சார், நாளைக்குப் பூஜைன்னு சொல்லுதாங்க, நீங்களே கேட்டுப் பாருங்க. எல்லோரும் கேட்பார்கள், அவர் பதில் சொல்லுவார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். தவசிக்கண்ணு சார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார், நாளைக்குக் காலைக்குள் ஒன்றாம் வகுப்புவரை தெரிந்துவிடும், பிள்ளைகள் ஆளாளுக்கு 'டீச்சர் இன்னைக்குத் தீபாவளியா டீச்சர்' என்று கேட்பார்கள். நான்தான் முதலில் கேட்டிருப்பேன், நேற்றுவரை. அப்போது நித்திலா மிஸ்ஸின் மூக்குக் குரல் திரும்ப வருகிறது, அடுக்கு அடுக்கா எடுக்கணும். மிஸ்ஸுக்குத் தெரியும்! நேற்றே பார்த்திருக்கிறார். தானே துடைத்திருக்கலாம், துடைக்கவில்லை, தானே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, பெரிய டீச்சரிடம் படித்தவர், அவரால்தான் இங்கே வேலை, வாய் வராமல் பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் பார்த்துக்கொள்வேனாம், சொல்வதானால் நான் சொல்வேனாம். பெரியவர்களுக்கு எவ்வளவு சாமர்த்தியம். கோபத்தில் துணியைப் பிழிகிறேன், வெள்ளைத் தண்ணீர் வாளியில் சொட்டுகிறது. சரி, மோசமாகச் செய்கிறேன், யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம், நான் இல்லை என்று ஆகிவிடும், அவ்வளவுதான். ஆனால் நான் இல்லை என்றால் யார் என்று தேடுவார்கள். கனகுவைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்வார்கள், அப்புறம் இன்னொருத்தி, எல்லோரும் மோசமாகச் செய்வார்கள், கடைசியில் ரூமில் ஒரே ஒரு குரல்தான் மிச்சமிருக்கும். அவரே தனக்குள் தேடுவார். ராத்திரி படுத்துக்கொண்டு, நான் பேசினேனா, பேசினேனா என்று. நான் செய்தேன் என்றால்? அதுவும் சரியில்லை. அடுத்த வாரம் மறுபடி மைக்கைப் பிடித்து லீவு விடுவார், அந்தப் பொடியன் மறுபடி வாழைப்பழக் கடையில் நிற்பான், இல்லாவிட்டால் கடையைத் தாண்டி எங்காவது. அடிப் பட்டையும் வந்துவிட்டது. காய்ந்த துணியால் ஒரே திசையில், வட்டம் போடாமல், ஓரம்வரை. டி.வி. முழுக்கக் கறுப்பு, துளி கறை இல்லை. இப்போது இதில் இரண்டு பட்டை இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் எப்போது முடிவு செய்தேன்? கைதான் செய்திருக்கிறது.

மணி அடிக்கிறது, வராண்டாவில் கால்கள், தாளாளர் வேட்டியின் சரசரப்பு. எல்லோரும் உள்ளே வருகிறார்கள், நான் திரும்பாமலே டி.வி.க்குள் எண்ணிக்கொள்கிறேன், தாளாளர், தவசிக்கண்ணு சார், நித்திலா மிஸ், நடுவில் பெரிய டீச்சர். அவர் முகத்தில் கொஞ்சம் முன்னால் பார்த்த சிரிப்பு இல்லை, இப்போது எல்லாம் தெரிகிற முகம், அதனால் பயந்த முகம், சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறார். 'திரும்புட்டி. சும்மா ஒளிச்சுக்கிட்டுச் செய்யக் கூடாது, எனக்குத் தெரிஞ்சிரும்' என்கிறார் தவசிக்கண்ணு சார். தாளாளர் ஒவ்வொரு வார்த்தைக்கு முன்னாலும் தொண்டையைச் செருமுவார், 'ம்ம்... சொல்லும்மா. ம்ம்... பயப்படாம சொல்லு.' பயப்படாமல் சொன்னால் டி.சி. கொடுப்பாராம். அப்பாவின் மினி பஸ் இப்போது எந்த ஊர் நிறுத்தத்தில் நிற்கும்? நித்திலா மிஸ் டி.வி.யைப் பார்க்கிறார், சுத்தமாக இருக்கும் டி.வி.யை, அப்புறம் வாளியில் கிடக்கும் துணியைப் பார்க்கிறார், மூக்கை உறிஞ்சுகிறார். பெரிய டீச்சர் என்னையே பார்க்கிறார். அவருக்கு நான் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதில்லை, எனக்கு அது தெரிகிறது, பேசியது தானா இல்லையா என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நான் வாயைத் திறக்கிறேன். 'மாணவச் செல்வங்களே,' இழுக்கவில்லை, யாரையும் சிரிக்கவைக்க நினைக்கவில்லை, 'ஆயுத...' அங்கே நிற்கிறேன். நேற்று அந்தக் குரல் அங்கே நின்றது. நான் சாமான் ரூமுக்குப் பின்னால் காம்பஸோடு உட்கார்ந்து அதைக் கேட்டேன், பாதித் தெருவில் வீடு மறந்த ஆள் நிற்கிற மாதிரி நின்றது, அப்புறம் பக்கத்தில் நிற்கிற யாரிடமோ கேட்பது போல மெதுவாக, 'ஆயுத... பூஜை?', பிறகு தெம்பு வந்து, 'ஆயுத பூஜையை முன்னிட்டு நாளையும் நாளை மறுநாளும் பள்ளிக்கு விடுமுறை. அனைவரும் இப்போதே வரிசையாக வீட்டுக்குச் செல்லலாம். புத்தகங்களைப் பூஜையில் வைக்கவும்.' இதுவரை நான் செய்ததிலேயே இதுதான் சிறந்தது, ஒருவர்கூடக் கை தட்டவில்லை. 'சொன்னேம்லா சார்!' என்று தவசிக்கண்ணு சார் துள்ளுகிறார், 'அப்பிடியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கு, இவதான், இவளேதான்!' தாளாளர் செருமுகிறார். 'ம்ம்... நீதானா?' 'நாந்தான் சார். மைக் ரூம் சாவி ஆணியிலதான தொங்குது, எடுத்தேன். இனிமே அது நித்திலா மிஸ் கையில இருக்கட்டும் சார். மிஸ் பக்கத்துல நிக்காம யாரையும் பேச விடாதீங்க, பெரிய டீச்சரே வந்தாலும் விடாதீங்க. வந்தது அவங்களா நானான்னு யாருக்குத் தெரியும்?' சொல்லும்போதே உதடு தானாகச் சிரித்துவிடுகிறது, அடக்க முடியவில்லை. 'திமிரைப் பாருங்க சார்' என்கிறார் தவசிக்கண்ணு சார். நித்திலா மிஸ் தலையைக் குனிந்துகொண்டே 'நான் வச்சுக்கிடுதேன் சார், எப்பவும் என்கிட்டயே வச்சுக்கிடுதேன்' என்கிறார், இதைச் சொல்லும்போது மட்டும் மூக்குக் குரல் இல்லை. நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டுத் தாளாளர் திரும்புகிறார். பெரிய டீச்சர் போகவில்லை. முறுக்கிய தலைப்பை விட்டுவிட்டார், தோள் நிமிர்ந்துவிட்டது, கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு என் பக்கத்தில் வருகிறார், அடிக்கப் போகிறார் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொள்கிறேன். அடிக்கவில்லை. 'எல்லாம் சரியாத்தான் செய்யுத' என்கிறார், வார்த்தைகள் தட்டுத் தடுமாறாமல், வரிசையாக, காலையிலிருந்து இல்லாத தெளிவோடு வருகின்றன, 'ஆனா ஆயுதன்னு சொல்லிட்டு முழிச்சுக்கிட்டு நின்ன பாத்தியா, அது நான் கெடயாது. இத்தன வருஷத்துல ஒரு வார்த்தைக்காக நான் நின்னதே இல்ல. அங்கனயே கண்டுபிடிச்சிருக்கணும் இவங்க, இது நான் இல்லன்னு.' ஆமா டீச்சர் என்கிறேன், அந்த எடம் மட்டும் எனக்குச் சரியா வரல.